பத்து கிலோவுக்கும் மூன்று கிலோவுக்கும் நடுவே

பாய்லரில் 10 கிலோ அழுத்தத்தில் ஸ்டீம் தயாராகிறது. சாயம் ஏற்றும் மெஷினுக்கு 3 கிலோ போதும். நடுவில் எந்த வால்வை வைப்பது? திருப்பூர், ஈரோடு, பெருந்துறை வட்டாரத்தில் சாய ஆலை போடுகிற எவரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். வழி இரண்டு. ஸ்பிரிங்கையும் டயஃப்ரத்தையும் வைத்துக்கொண்டு தானே வேலை செய்யும் அழுத்தக் குறைப்பு வால்வு ஒன்று. ஆலைகளில் இதன் பெயர் பி.ஆர்.வி. டிரான்ஸ்மிட்டர், கன்ட்ரோலர், காற்றழுத்தத்தில் நகரும் ஆக்சுவேட்டர் எல்லாம் கூடி இயக்கும் கன்ட்ரோல் வால்வு மற்றது. இரண்டாவதன் விலை முதலாவதைப் போலப் பல மடங்கு. காசு மிச்சம் என்று பி.ஆர்.வி. வாங்குகிறவர்கள் உண்டு, நவீனம் என்று கன்ட்ரோல் வால்வு வாங்குகிறவர்களும் உண்டு. இரண்டு காரணத்தையும் நான் ஏற்பதில்லை. ஸ்டீமை இழுக்கும் மெஷின்களின் லோடு எப்படி ஏறி இறங்குகிறது? வால்வு மக்கர் செய்யும் நாளில் அதைப் பிரித்துப் பார்க்க ஆலையில் யார் இருக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் எந்த வால்வு என்பது தெளிவாகிவிடும்.

எப்படியும் குறைக்கத்தானே போகிறோம், பாய்லரிலேயே 3 கிலோவில் தயாரித்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிலோ என்று நாம் பேச்சில் சொல்வது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் விசை. ஏறக்குறைய ஒரு பார். (பாய்லர் பெயர்ப்பலகையில் 10.54 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய 150 பி.எஸ்.ஐ. கணக்கை மாற்றி எழுதிய எண் அது.) 10 பாரில் ஒரு கிலோகிராம் நீராவி பிடிக்கும் இடம் 0.177 கனமீட்டர். 3 பாரில் அதே நீராவிக்கு 0.462 கனமீட்டர் வேண்டும். அழுத்தம் கூடுதலாக இருந்தால் சிறிய குழாயிலேயே நிறைய ஸ்டீமைக் கொண்டுபோய்விடலாம். பாய்லரும் தன் முழு அழுத்தத்தில் ஓடும்போதுதான் தண்ணீரை வாரி அடிக்காமல் உலர்ந்த ஸ்டீமைக் கொடுக்கும்.

மெஷினுக்குப் பக்கத்தில் வந்தபின் கணக்கு மாறுகிறது. 10 பாரில் ஸ்டீமின் வெப்பநிலை 184 டிகிரி. 3 பாரில் 144 டிகிரி. பருத்திப் பின்னல் துணிக்கு ரியாக்டிவ் சாயம் பெரும்பாலும் 60 டிகிரியில் ஏறிவிடும். பாலியஸ்டருக்கு 130 டிகிரி வேண்டும். இரண்டுக்குமே 144 போதுமானது. அதோடு, தண்ணீராக ஒடுங்கும்போது ஒரு கிலோகிராம் நீராவி விட்டுக்கொடுக்கும் மறைவெப்பம் 10 பாரில் சுமார் 2000 கிலோஜூல். 3 பாரில் சுமார் 2133. வால்வு ஸ்டீமின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதில்லை. அதனால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. 10 பாரில் 2 சதவீத ஈரத்தோடு வரும் ஸ்டீம், வால்வைத் தாண்டி 3 பாருக்கு இறங்கியதும் ஈரம் நீங்கி உலர்ந்துவிடுகிறது. அழுத்தத்தைக் குறைப்பது வீண்செலவு என்று நினைப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கவேண்டும்.

பி.ஆர்.வி.யைப் பிரித்தால் மேலே ஒரு ஸ்பிரிங், அதன் அடியில் மெல்லிய டயஃப்ரம், அதோடு சேர்ந்து ஏறி இறங்கும் வால்வுத் தலை. ஸ்பிரிங் வால்வைத் திறக்கப் பார்க்கும். வால்வைத் தாண்டிப் போன ஸ்டீமின் அழுத்தம் டயஃப்ரத்தின் அடியில் ஏறி அதை மூடப் பார்க்கும். இரண்டும் சமமாகிற இடத்தில் வால்வு நிற்கும். மெஷின் கூடுதலாக ஸ்டீமை இழுத்தால் கீழ்ப்பக்க அழுத்தம் இறங்கும். ஸ்பிரிங்கின் கை ஓங்கும். வால்வு இன்னும் கொஞ்சம் திறக்கும். மின்சாரம் வேண்டாம், காற்று வேண்டாம், புரோகிராம் வேண்டாம்.

இந்த எளிமையிலேயே ஒரு குறையும் இருக்கிறது. வால்வு கூடுதலாகத் திறக்க ஸ்பிரிங் நீளவேண்டும். நீண்ட ஸ்பிரிங்குக்குத் தள்ளும் விசை குறைவு. ஆகவே சமநிலை சற்றுத் தாழ்ந்த அழுத்தத்தில்தான் வரும். லேசான லோடில் 3 கிலோவுக்குத் திருகி வைத்த வால்வு, முழு லோடு வந்ததும் இரண்டரைக்கு இறங்கி நிற்கும். டிரூப் என்று சொல்லப்படும் இது பழுதே அல்ல, அந்த அமைப்பின் இயல்பு. தெரியாத ஆபரேட்டர் அதைப் பழுது என்று நினைத்து ஸ்பிரிங்கை மேலும் முறுக்கிவிடுவார். லோடு இறங்கியதும் அழுத்தம் மூன்றரையைத் தொடும்; அன்றிலிருந்து அந்த வால்வுக்குக் கெட்ட பெயர்.

பைலட் வைத்த பி.ஆர்.வி. இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. கீழ்ப்பக்க அழுத்தத்தைப் பார்ப்பது ஒரு சிறிய பைலட் வால்வு மட்டும். அது விடுகிற கொஞ்சம் ஸ்டீம் பெரிய டயஃப்ரத்தைத் தள்ளி முதன்மை வால்வைத் திறக்கிறது. பைலட் மயிரிழை அசைந்தாலே முதன்மை வால்வு முழுத் தூரம் நகர்ந்துவிடுவதால் டிரூப் மிகச் சிறிதாகிவிடுகிறது. பதிலுக்கு அழுக்கைத் தாங்கும் சக்தி போய்விடுகிறது. பைலட்டின் துவாரங்கள் நுண்ணியவை. குழாயிலிருந்து வரும் ஒரு துருத்துகள் போதும், வேலை நின்றுவிடும்.

கன்ட்ரோல் வால்வின் வழி வேறு. டிரான்ஸ்மிட்டர் அழுத்தத்தை அளந்து 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்புகிறது. கன்ட்ரோலர் அதை நாம் கொடுத்த இலக்கோடு ஒப்பிடுகிறது. அது சொன்ன அளவுக்குப் பொசிஷனர் காற்றை ஏற்றியோ இறக்கியோ வால்வின் தண்டை நகர்த்துகிறது. இலக்குக்கும் அளவுக்கும் வித்தியாசம் இருக்கும்வரை கன்ட்ரோலர் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே போய் வால்வை நகர்த்தும்; அது பூஜ்யமானால்தான் ஓயும். அதனால் 3 என்றால் லேசான லோடிலும் 3, முழு லோடிலும் 3.

இந்த இரு போக்குகளின் வேறுபாட்டைக் கணிதமாக எழுதிக்காட்டியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர்கள் பற்றி 1868-இல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட கட்டுரையில் அவர் கருவிகளை இரண்டாகப் பிரித்தார். லோடு மாறினால் வேகமும் சற்று மாறி நிலைக்க விடுகிற வகை ஒன்று. லோடு எதுவானாலும் வேகத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவருகிற வகை மற்றொன்று. பி.ஆர்.வி. முதல் வகையைச் சேர்ந்தது, கன்ட்ரோல் வால்வு இரண்டாவதைச் சேர்ந்தது. கட்டுப்படுத்த வைத்த கருவியே ஆடத் தொடங்கி, அந்த ஆட்டம் பெருகிக்கொண்டே போவது எந்த நிலையில் என்பதையும் அதே கட்டுரை ஆராய்ந்தது. கன்ட்ரோல் வால்வு வாங்குகிறவர்கள் கவனிக்கவேண்டியது இந்தப் பகுதியைத்தான். கன்ட்ரோலரில் எண்களைச் சரியாக வைக்காவிட்டால் வால்வு ஒருமுறை அதிகம் திறந்து, ஒருமுறை அதிகம் மூடி, ஓயாமல் ஆடும். அந்த எண்களைக் கண்டுபிடிக்க சீக்லரும் நிக்கல்ஸும் 1942-இல் எழுதிய விதிகளை இன்றும் கல்லூரியில் கற்றுத்தருகிறார்கள். கற்றவர் ஆலையில் இல்லையென்றால், ஆடுகிற வால்வைப் பார்த்துப் பயந்து ஆபரேட்டர் அதை மேனுவலில் போட்டுவிடுவார். லட்சங்கள் கொடுத்து வாங்கிய கருவி அன்றிலிருந்து கையால் திருகும் வால்வின் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பார்க்கவே மனம் பொறுக்காது.

கையால் திருகுவதிலிருந்து விடுபடத்தான் இந்த வால்வு இனமே பிறந்தது என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மார்ஷல்டவுன் என்ற ஊர். அங்கே குடிநீர் நிலையத்தைக் கவனித்துவந்த வில்லியம் ஃபிஷர், ஊரில் பெருந்தீ பிடித்தபோது, தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் அழுத்தம் இறங்கிவிடாமல் நீராவிப் பம்புகளின் வால்வைக் கையாலேயே கூட்டியும் குறைத்தும் விடிய விடிய நின்றாராம். 1880-இல் அவர் செய்த பம்ப் கவர்னரில் தண்ணீரின் அழுத்தமே ஸ்டீம் வால்வை நகர்த்தியது. அவர் பெயரில் வளர்ந்த நிறுவனம் இன்று உலகெங்கும் கன்ட்ரோல் வால்வு விற்கிறது.

சாய ஆலைக்குத் திரும்புவோம். டிரூப்பால் அரை கிலோ இறங்கினால் என்ன நஷ்டம்? 3 பாரில் 144 டிகிரியாக இருந்த ஸ்டீம் இரண்டரை பாரில் 139 டிகிரி. ஐந்து டிகிரிதான். சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் சாயக்குளியலை நிமிடத்துக்கு 2 டிகிரி ஏற்று என்று சொல்லி வைத்திருந்தால், அந்த மெஷினுக்கென்று இருக்கும் வெப்பநிலைக் கன்ட்ரோலர் தன் ஸ்டீம் வால்வை இன்னும் சற்றுத் திறந்து அந்த ஐந்து டிகிரியை ஈடுகட்டிவிடும். சாயத்தின் ஷேடு அதனால் மாறாது. துல்லியம் வேண்டிய இடம் மெஷின். மெஷின்களுக்கு ஸ்டீமைப் பிரித்துக் கொடுக்கும் பொதுக் குழாயான ஹெடரில் அது அவ்வளவாகத் தேவையில்லை. ஹெடரில் விலையுயர்ந்த கன்ட்ரோல் வால்வைப் போட்டுவிட்டு மெஷினில் மட்டமான வெப்பநிலை வால்வை வைப்பது தலைகீழான செலவு. காலை ஷிஃப்டில் ஏழெட்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் சூடேறத் தொடங்கும்போது ஹெடர் அழுத்தம் ஒன்றரைக்குச் சரிந்தால், அது டிரூப்பின் வேலை இல்லை. பாய்லரின் அளவோ குழாயின் அளவோ போதவில்லை. அதை எந்த வால்வாலும் சரிசெய்ய முடியாது.

குழாயின் அளவு என்றதும் இந்தத் தொழிலில் தினமும் நடக்கும் தவறு நினைவுக்கு வருகிறது. மணிக்கு 2000 கிலோகிராம் ஸ்டீம், 10 பாரிலிருந்து 3 பாருக்கு. நொடிக்கு 25 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் மேல்பக்கக் குழாய்க்கு உள்விட்டம் 71 மில்லிமீட்டர் வரும், 80 மி.மீ. குழாய் போடலாம். கீழ்ப்பக்கம் ஸ்டீம் விரிந்துவிடுவதால் 114 மில்லிமீட்டர் வரும், 125 மி.மீ. குழாய் வேண்டும். வால்வு? இங்கே கீழ்ப்பக்க அழுத்தம் மேல்பக்கத்தில் பாதிக்கும் கீழே இருப்பதால், ஸ்டீம் வால்வின் இடுக்கில் ஒலியின் வேகத்தையே எட்டிவிடுகிறது. அந்த நிலையில் 2000-ஐ 12 என்ற மாறிலியாலும், வெளிக்காற்றையும் சேர்த்த மேலழுத்தமான 11-ஆலும் வகுத்தால் தேவையான வால்வுத் திறன் 15 என்று வரும். கையிருப்பு விட்டுப் பார்த்தாலும் 40 மி.மீ. வால்வு தாராளம். 80 மி.மீ. குழாயிலும் 125 மி.மீ. குழாயிலும் ரெடியூசர் போட்டு நடுவே ஒரு 40 மி.மீ. வால்வு. பார்ப்பதற்கு அது பொருத்தமில்லாமல் தெரியும் என்பதால் குழாய் அளவுக்கே 80 மி.மீ. வால்வை வாங்கி மாட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பெரிய வால்வின் தலை எப்போதும், அது அமர்ந்து மூடும் சீட்டை ஒட்டியே இயங்கும். இரவில் இரண்டு மெஷின்கள் மட்டும் ஓடும்போது நூலளவு திறந்து நிற்கும். அந்த இடுக்கில் ஈர ஸ்டீம் பாயும்போது சீட்டின் விளிம்பில் கம்பியால் அறுத்ததுபோல் கோடு விழும். கோடு விழுந்த வால்வு பிறகு மூடவே மூடாது. லோடு நின்றபின் கீழ்ப்பக்க கேஜின் முள் மெதுவாக மேலே போவதைப் பார்க்கலாம். பி.ஆர்.வி., கன்ட்ரோல் வால்வு இரண்டையும் இந்தத் தவறு ஒரேபோலக் கெடுக்கும். கன்ட்ரோல் வால்வில் உட்பகுதியைச் சிறியதாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. லோடின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் வீச்சும் அதற்குக் கூடுதல். இந்த ஒரு விஷயத்தில் அது நிச்சயமாக ஒரு படி மேல்.

வால்வை விடவும் அதைச் சுற்றியிருப்பவைதான் அதன் ஆயுளை முடிவுசெய்கின்றன. முன்னால் ஈரம் பிரிக்கும் செப்பரேட்டர், அதன் அடியில் பிரிந்த தண்ணீரை வெளியேற்றும் டிராப், பிறகு அழுக்கை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர். புதுக் குழாய் போட்டு ஒரு மாதம் ஓடிய ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கவிழ்த்தால், வெல்டிங் போட்ட இடத்திலிருந்து உதிர்ந்த கருமணிகள், துருச் செதில்கள், கேஸ்கெட்டின் பிசிறு எல்லாம் கையில் கொட்டும். அதில் ஒரு மணி பைலட்டுக்குள் போயிருந்தால்? ஸ்ட்ரெய்னரின் வயிற்றைக் கீழ்நோக்கித் தொங்கவிடுவது நம் ஃபிட்டர்களின் வழக்கம். தண்ணீர்க் குழாய்க்கு அது சரி. ஸ்டீம் குழாயில் பக்கவாட்டில் படுத்திருக்கவேண்டும். இல்லையென்றால் அந்த வயிற்றில் தண்ணீர் தேங்கி, ஸ்டீமோடு சேர்ந்து வால்வில் போய் அறையும். ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் இருந்தால் திருத்திவிடக்கூடிய விஷயம்.

இனி, கெட்டுப்போகும் விதம். நேரடி பி.ஆர்.வி.யில் டயஃப்ரம் கிழிந்தால் ஸ்பிரிங்கை எதிர்க்க எதுவும் இல்லை. வால்வு முழுக்கத் திறந்து, 3 கிலோ இருக்கவேண்டிய இடத்துக்கு 10 கிலோ வந்துவிடும். கன்ட்ரோல் வால்வில் காற்றுப் போனால் மூடிக்கொள்ளும்படியான ஆக்சுவேட்டரைக் கேட்டு வாங்கமுடியும். ஆனால் கம்ப்ரசர் எண்ணெய் காற்றோடு வந்து பொசிஷனரின் நுண்துளையை அடைத்தால் வால்வு நின்ற இடத்திலேயே நின்றுவிடவும் கூடும். எந்த வால்வானாலும் கீழ்ப்பக்கத்தில் சேஃப்டி வால்வு வேண்டும். அதுவும், அழுத்தக் குறைப்பு வால்வு முழுக்கத் திறந்துவிட்டால் எவ்வளவு ஸ்டீம் வருமோ அவ்வளவையும் வெளியேற்றும் அளவில். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

எதுவும் கெடாமலே விபரீதம் நடப்பதும் உண்டு. 2018 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ், ஆண்டோவர், வடக்கு ஆண்டோவர் ஊர்களில் வீடுகள் வரிசையாகத் தீப்பற்றின. வீடுகளுக்குப் போகும் எரிவாயுக் குழாயில் இருக்கவேண்டியது அரை பி.எஸ்.ஐ. அளவு அழுத்தம். கொலம்பியா கேஸ் நிறுவனத்தின் ஒப்பந்தப் பணியாளர்கள் பழைய வார்ப்பிரும்புக் குழாயைத் துண்டித்துப் புதுக் குழாயை இணைத்தார்கள். ரெகுலேட்டர்களுக்கு அழுத்தத்தைச் சொல்லும் சென்சிங் குழாய்கள் மட்டும் பழைய குழாயிலேயே இருந்தன. துண்டித்த குழாயில் அழுத்தம் இறங்க இறங்க, ஊருக்கே அழுத்தம் போதவில்லை என்று ரெகுலேட்டர்கள் தம்மால் முடிந்த அளவு திறந்துவிட்டன. அதிக அழுத்த எரிவாயு வீடுகளுக்குள் பாய்ந்தது. ஓர் இளைஞர் உயிரிழந்தார். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ரெகுலேட்டர்கள் பழுதாகவில்லை, கிடைத்த செய்திக்குத் தக்கபடி சரியாகவே வேலை செய்தன.

இது ரெகுலேட்டரின் கதை என்று கன்ட்ரோல் வால்வு வைத்திருப்பவர்கள் நிம்மதியடைய முடியாது. டிரான்ஸ்மிட்டரைத் தவறான இடத்தில் பொருத்தினாலும் இதேதான் நடக்கும். கட்டளையிட்டு இயக்கும் வால்வுகளுக்கு இன்னொரு அபாயமும் உண்டு. 1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலையில், அழுத்தத்தை வெளியேற்றத் திறந்த நிவாரண வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ அணைந்துவிட்டது. மூடு என்ற கட்டளை போய்விட்டதை மட்டுமே அந்த விளக்கு காட்டியது. வால்வு மூடியதா என்பதை அது காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருக்க, உலையின் மையம் ஓரளவு உருகிப்போனது. உங்கள் ஆலையின் திரையில் வால்வு 40 சதவீதம் திறந்திருக்கிறது என்று தெரிந்தால், அது கன்ட்ரோலர் அனுப்பிய எண்ணா, தண்டிலிருந்து அளந்து வந்த எண்ணா என்று இன்ஸ்ட்ருமெண்ட் பொறியாளரைக் கேளுங்கள்.

கன்ட்ரோல் வால்வைத் தவிர வேறு எதுவும் உதவாத இடம் ஒன்றையும் காட்டவேண்டும். மின்சாரமும் தயாரிக்கும் சர்க்கரை ஆலைகளில் 87 கிலோ, 515 டிகிரி என்ற நிலையில் இயங்கும் பாய்லர்கள் இருக்கின்றன. ஸ்டீம் முதலில் டர்பைனைச் சுற்றிவிட்டு, ஒன்றரை கிலோ அளவில் வெளியேறி, கரும்புச்சாற்றைக் காய்ச்சப் போகிறது. டர்பைன் திடீரென டிரிப் ஆனால் அந்த ஸ்டீம் நொடியில் நின்றுவிடும். சாறு காய்ச்சும் வேலை நிற்காமலிருக்க, உயரழுத்த ஸ்டீமை நேரே குறைத்து அனுப்பவேண்டும். அழுத்தத்தை மட்டும் குறைத்தால் போதாது: 87 கிலோவிலிருந்து ஒன்றரைக்கு இறக்கிய பின்னும் அந்த ஸ்டீம் ஏறக்குறைய 470 டிகிரியில் இருக்கும். சாறு காய்ச்சும் பாத்திரத்துக்குத் தேவை 127 டிகிரி அருகே. ஆகவே தண்ணீரைப் பீய்ச்சி அளவாகக் குளிர்விக்கவும் வேண்டும். அழுத்தத்துக்கு ஒரு கன்ட்ரோலர், வெப்பநிலைக்கு ஒரு கன்ட்ரோலர், இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல், டர்பைன் நின்ற சில நொடிகளில். ஸ்பிரிங்கும் டயஃப்ரமும் இந்த வேலைக்கு ஈடுகொடுக்க முடியாது. இங்கே பி.ஆர்.வி. பற்றிப் பேசுவதே பொருந்தாது.

ஆகவே என் தீர்ப்பு இது. லோடு ஐந்தாறு மடங்குக்குள் ஏறி இறங்கும், மெஷின்தோறும் தனி வெப்பநிலைக் கட்டுப்பாடு இருக்கும் சாய ஆலைக்கும், அதைப்போன்ற சிறு, நடுத்தர ஆலைகளுக்கும் பைலட் பி.ஆர்.வி.யே சிறந்தது. அதை ஒரு நல்ல ஃபிட்டர் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டிவிடுவார். மின்வெட்டு அதைத் தொடாது. லோடு பத்துப் பதினைந்து மடங்கு மாறும் இடம், அழுத்தத்தோடு வெப்பநிலையையும் சேர்த்துப் பிடிக்கவேண்டிய இடம், கட்டுப்பாட்டு அறையிலிருந்து இலக்கை மாற்றவேண்டிய இடம், இவற்றுக்குக் கன்ட்ரோல் வால்வு. அதோடு உலர்ந்த, எண்ணெயில்லாத காற்றும், எண்களைத் திருத்தத் தெரிந்த ஆளும் இருந்தாகவேண்டும். எதை வாங்கினாலும் இந்திய பாய்லர் ஒழுங்குமுறை விதிகள் (ஐ.பி.ஆர்.) கேட்கும் சான்றிதழோடு வாங்குங்கள். ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு வாரம் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஸ்டீம் எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதுங்கள். உச்ச அளவை மட்டும் சொல்லாமல், இரவில் போகும் குறைந்த அளவையும் சேர்த்து வால்வு விற்பவரிடம் கொடுங்கள். அந்த இரண்டாவது எண்ணைக் கேட்காமலே வால்வின் அளவைச் சொல்பவரிடம் வாங்காதீர்கள்.